பித்தான் டப்பாவில் கிடைத்த பல் வைத்த கொக்கி

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்பதற்காக, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பழைய வீட்டின் சாமான்கள் விற்பனைக்கு வந்தபோது, ஒரு தகர டப்பா நிறையப் பித்தான்கள் வாங்கியிருக்கிறீர்கள். அடியில் ஒரே அச்சில் வார்த்தது போல இரண்டு உலோகத் துண்டுகள். ஒரு முனையில் குறடு வாய் போலச் சின்னத் தாடை, அதற்குள் பல், அதை மூடித் திறக்க ஒரு குட்டி நெம்புகோல். மறுமுனையில் குட்டையான காம்பின் மேல் வட்டப் பித்தான். பின்புறம் பேட்டன்ட், அதாவது காப்புரிமை என்பதன் சுருக்கமும் மங்கலாக ஒரு தேதியும். இது டை கிளிப்பா, கஃப்லிங்க்கா, குழந்தை உடுப்பில் மாட்டுகிற ஏதாவதா என்பது உங்கள் கேள்வி.

மூன்றுமே இல்லை. இதற்குக் கஃப் ஹோல்டர் என்று பெயர். சட்டையிலிருந்து தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய கஃபை, அதாவது மணிக்கட்டைச் சுற்றும் பட்டையை, சட்டைக்கையோடு பிடித்து நிறுத்துகிற கொக்கி. ஜோடியாகக் கிடைத்ததே பாதி அடையாளம். இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று. உருவம் பிடிபடவில்லை என்றால் அலுவலகத்தில் சட்டைப்பையில் மாட்டும் அடையாள அட்டையின் கிளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் துணியைக் கடிக்கும் பல், மறுபக்கம் அட்டையின் துளைக்குள் போகும் அமுக்குப் பித்தான். உங்கள் கையில் இருப்பது அதன் கொள்ளுத்தாத்தா.

நான் தொழிலால் தையல்காரன். நாற்பது ஆண்டாகக் கஃபும் காலரும் தைத்தவனுக்கே, கஃபைக் கழற்றி வைப்பார்கள் என்பது முதலில் விநோதமாகத்தான் இருந்தது. எங்கள் கணக்கில் கஃப் என்பது சட்டைக்கையின் முடிவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோட்டுப் போட்டு வேலைக்குப் போன ஆணின் சட்டை அப்படி இல்லை. கழுத்தில் காலர் இருக்காது. நின்ற வாக்கில் ஒரு பட்டி மட்டும் இருக்கும். கையின் முடிவிலும் ஒரு ஒல்லிப் பட்டி, ஒரு பித்தான், அவ்வளவுதான். காலரைத் தனியாக வாங்கி, முன்னும் பின்னும் குமிழ்ப் பித்தான் போட்டுக் கழுத்தில் பூட்டுவார்கள். கஃப் என்பது கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்கும் ஒரு குழாய். ஜெர்மன் பேசும் நாடுகளில் அதை ‘ரோல்ஷென்’, அதாவது குட்டிச் சுருள் என்றே அழைத்தார்கள். பார்த்தவர்கள் வைத்த பெயர்.

ஏன் இந்தப் பாடு? காரணம் முழுக்க வண்ணான் கணக்கு. ஒரு சட்டையை ஒருநாள் போட்டுக் கழற்றிப் பாருங்கள். அழுக்கு எங்கே இருக்கிறது? கழுத்து மடிப்பிலும் மணிக்கட்டிலும். கோட்டுக்குள் ஒளிந்திருக்கும் முதுகும் நெஞ்சும் இன்னும் சில நாள் தாங்கும். கிழிவதும் அதே இடங்களில்தான். கஃப் ஓரம் பிய்ந்து நூல் தொங்குவதால் நல்ல சட்டை வீணாகப் போவதை நான் வாரம் ஒருமுறையாவது கடையில் பார்க்கிறேன். அழுக்காகிற துண்டை மட்டும் பிரித்துவிட்டால், சட்டையை வாரம் ஒருமுறை வெளுத்தால் போதும். காலரையும் கஃபையும் தினம் மாற்றிக்கொள்ளலாம்.

நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரத்தில் இதற்கு ஒரு பிறப்புக் கதை சொல்கிறார்கள். 1827இல் ஹன்னா மான்டேகு என்ற பெண், காலர் மட்டும் அழுக்கான கணவன் சட்டைகளை முழுதாகத் துவைத்துத் துவைத்துச் சலித்துப்போய், கத்தரியை எடுத்துக் காலரை வெட்டித் தனியே துவைத்து, நாடா வைத்துக் கட்டிவிட்டாளாம். கதை எப்படியோ, தொழில் உண்மை. டிராய்க்குக் காலர் நகரம் என்றே பட்டப்பெயர் நிலைத்தது. அமெரிக்கா முழுவதும் அணிந்த காலர், கஃபில் பெரும்பங்கு அந்த ஒரே ஊரிலிருந்து போனது. புதுக் காலர்களைக் கடைக்கு அனுப்புமுன் வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட பெண்கள் கொதிநீருக்கும் சூடான இரும்புக்கும் நடுவே நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் நின்றார்கள். 1864 பிப்ரவரியில் கேட் மலானி என்ற இளம்பெண்ணின் தலைமையில் சுமார் 300 பேர் வேலையை நிறுத்தினார்கள். ஒரு வாரத்துக்குள் கூலி உயர்வு வாங்கினார்கள். ஒரு வீட்டுப் பெண்ணின் துவைக்கிற பாரத்தைக் குறைக்கப் பிறந்ததாகச் சொல்லப்படும் பொருள், அந்தப் பாரத்தை ஊர் முழுக்க வேறு பெண்களின் தோளில் ஏற்றியது என்பதை அந்தக் கதை சொல்வதில்லை.

இனிக் கொக்கிக்கு வருகிறேன். காலருக்கு அது அவசியப்படவில்லை. கழுத்தைச் சுற்றி இறுக்கமாக நிற்கும், குமிழ்ப் பித்தான் போதும். கஃபின் கதை வேறு. அது மணிக்கட்டைவிடப் பெரிய குழாய். முனைகளைக் கஃப்லிங்க் போட்டு மூடினாலும் கைக்குள் வளையல் போல ஓடும். கை ஓயாமல் ஏறி இறங்கும். மேலே கோட்டின் கை வேறு உரசி இழுக்கும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் செய்து பார்ப்பது மேல் என்று ஒருநாள் இறங்கினேன். பருத்தித் துணி மூன்று அடுக்கு வைத்து நாலங்குல அகலத்தில் கஃப் தைத்து, ஜவ்வரிசிக் கஞ்சியில் இரண்டு முறை முக்கி, ஈரம் முழுதாகக் காயுமுன் இஸ்திரி போட்டேன். தட்டினால் அட்டை போலச் சத்தம் வந்தது. கொக்கி இல்லாமல் மாட்டி, மேலே கோட்டுப் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்தேன். கையைத் தொங்கவிட்டதும் கஃப் விரல் முட்டி வரை வந்து நின்றது. அலமாரியின் மேல்தட்டில் துணிக்கட்டை எடுக்கக் கையைத் தூக்கினேன்; கஃப் முழங்கை நோக்கி ஓடி மறைந்துவிட்டது. திரும்ப இறக்கினால் ஒரு பக்கம் மட்டும் வந்தது. அரை மணி நேரம் இந்தக் கண்ணாமூச்சி ஆடிய பிறகு, கோட்டின் கையைச் சுண்டி கஃபை வெளியே தள்ளும் அந்தக் காலத்துக் கனவான்களின் சேட்டை மிடுக்கு மட்டும் அல்ல, நிர்ப்பந்தமும்கூட என்று விளங்கியது.

அடுத்துக் கொக்கியைப் போட்டேன். என்னிடம் ஒரு ஜோடி இருக்கிறது, அண்ணன் மகன் நியூஜெர்சியிலிருந்து கொண்டுவந்தது. நீங்கள் வருணித்ததற்கு ஏறக்குறைய உடன்பிறப்பு. அணியும் முறை இப்படி. கஃபில் லிங்க் போடும் காஜா போக, உள்பக்க விளிம்பருகே இன்னொரு காஜா இருக்கும். கொக்கியின் வட்டப் பித்தானை அதற்குள் நுழைத்துத் திருப்ப வேண்டும். கஃப் மொடமொடவென்று இருப்பதால் இதை மாட்டுமுன்பே செய்துவிட வேண்டும், கையில் போட்டபின் செய்ய முனைந்தால் நகம் பெயரும். பிறகு கஃபைக் கைக்குள் ஏற்றி, எவ்வளவு வெளியே தெரிய வேண்டுமோ அந்த அளவில் நிறுத்தி, கொக்கியின் தாடைக்குள் சட்டைக்கைத் துணியை ஒரு மடிப்புக் கொடுத்து, நெம்புகோலைக் கட்டை விரலால் படுக்கவைக்க வேண்டும். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும்.

அந்த ‘டக்’கில்தான் முழு வித்தையும் இருக்கிறது. டிபன் கேரியரின் பக்கக் கொக்கியை மூடியிருப்பீர்கள். பாதி தூரம் வரை எதிர்க்கும், ஒரு இடத்தைத் தாண்டியதும் தானாகவே விழுந்து பூட்டிக்கொள்ளும். அதற்குப் பின் கேரியரை எவ்வளவு ஆட்டினாலும் திறக்காது. விரலை உள்ளே விட்டு நெம்பினால் ஒரு நொடியில் திறந்துவிடும். இதே சங்கதிதான் இங்கே பித்தான் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. இழுக்கும் பாரம் தாடையைத் திறக்கப் பார்க்காமல் இன்னும் இறுக்கவே செய்கிறது. பல் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். என் ஜோடியில் முனைகள் கூராக இல்லை, மொட்டையாகத் தேய்த்து விடப்பட்டிருக்கின்றன. கூராக இருந்தால் இழையை அறுத்துவிடும். மொட்டைப் பல், இழைகளுக்கு நடுவே துணியை வளைத்துப் பிடிக்கும், வெட்டாது. ஒரு நாள் முழுக்கப் போட்டுக் கழற்றியபோது என் சட்டைக்கையில் ஒரு வரிசைக் குழி தெரிந்தது. நீர் தெளித்து இஸ்திரி போட்டதும் மறைந்தது.

ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை அவசரத்தில் தாடைக்குள் கோட்டின் உள்துணியும் சேர்ந்து மாட்டிக்கொண்டது தெரியவில்லை. மாலையில் கோட்டைக் கழற்றினேன். கோட்டோடு கஃபும் போனது, கஃபோடு சட்டைக்கை உள்வெளியாகத் திரும்பிக்கொண்டது. கடைப் பையன் வந்து விடுவிக்கும் வரை சோளக்கொல்லைப் பொம்மை போல நின்றேன்.

உங்கள் டப்பா கனெக்டிகட்டில் கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை. அந்த மாநிலத்தின் வாட்டர்பரி நகரம் பித்தளைக்குப் பேர் போனது. ராணுவ உடுப்புப் பித்தான், கடிகாரம், விளக்குச் சாமான் என்று தகட்டை அழுத்தி வார்த்து எடுக்கக்கூடிய எல்லாமே அங்கே செய்தார்கள். பித்தளையைவிட நீடித்து நிற்பது எது என்று கேட்கும் லத்தீன் வாசகம்தான் நகரத்தின் முத்திரையிலேயே இருக்கிறது. அங்கே அமெரிக்கன் ரிங் கம்பெனி என்றொரு நிறுவனம், வாஷ்பர்ன் என்ற பெயரில் இத்தகைய கொக்கிகளை விற்றது. 1900ஐ ஒட்டிய அமெரிக்கப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களில் அது கண்ணில் படும். வேண்டிய இடத்தில் மாட்டலாம், நழுவாது, நினைத்த மாத்திரத்தில் விடுவிக்கலாம் என்பதுதான் அதன் சாரம். தபாலில் ஜோடி 20 சென்ட். உள்ளாடை இறங்காமல் பிடிக்கும் கொக்கியும், கழுத்துத் துணியை நிறுத்தும் கொக்கியும் அதே பெயரில் கிடைத்தன. ஒரே பிடியை மறுமுனையை மட்டும் மாற்றி மாற்றி விற்கும் கெட்டிக்காரத்தனம். அதனால் உங்கள் டப்பாவில் மூன்றாவதாக ஒத்தையாய் ஏதாவது கிடந்தால், அது உடைந்த கஃப் ஹோல்டர் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அந்த 20 சென்ட் சிறு காசு என்று தோன்றும். பக்கத்தில் இன்னொரு விலையை வைத்துப் பாருங்கள். அதே காலத்தில் லினீன் என்ற பெயரில், அழுக்கானால் திருப்பிப் போட்டுக்கொண்டு, மறுபக்கமும் அழுக்கானதும் எறிந்துவிடும் காலரும் கஃபும் விற்றார்கள். பெட்டிக்குப் பத்துக் காலர் அல்லது ஐந்து ஜோடிக் கஃப், விலை 25 சென்ட். அந்த மாதிரிகளுக்கு ரஃபேல், ரூபன்ஸ் என்று ஓவியர்கள் பெயரும், தாந்தே என்று இத்தாலியக் கவிஞர் பெயரும் வேறு. எறிந்துவிடப் போகிற கஃபுக்குத் தாந்தே பெயர் வைத்தவர் எவரோ, நகைச்சுவை உணர்வு உள்ளவராக இருந்திருக்க வேண்டும். ஒரு ஜோடிக் கொக்கியின் விலையில் நாலு ஜோடிக் கஃப் வாங்கலாம். கஃப் வரும் போகும், கொக்கி தங்கும். உங்கள் டப்பாவில் கஃப் ஒன்றுகூட இல்லாமல் கொக்கி மட்டும் பிழைத்திருப்பதற்கும் அதுதான் காரணம்.

கொக்கி இல்லாத கஃப் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்துச் சிரித்திருக்கிறது. 1936இல் வந்த ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் சார்லி சாப்ளின், பாட்டு மனதில் நிற்காததால் வரிகளைக் கஃபில் எழுதிக்கொண்டு மேடை ஏறுவார். ஆடியபடி வந்து கையை வீசியதும் இரண்டு கஃபும் பறந்துவிடும். அப்புறம் வாய்க்கு வந்ததைப் பாடிச் சமாளிப்பார். அந்தக் காட்சி வந்தபோது கழற்றும் கஃப் வழக்கொழிந்து கிழவர்களின் உடுப்பாகிவிட்டிருந்தது. அதனாலேயே கூடுதலாகச் சிரித்திருப்பார்கள்.

எதோடெல்லாம் குழப்பிக்கொள்ளலாம் என்று கேட்டிருந்தீர்கள். கஃப்லிங்க், கஃபின் இரண்டு முனைகளை ஒன்றோடொன்று சேர்ப்பது; கஃபைச் சட்டையோடு சேர்க்காது. வெளியே தெரிவதால் அதற்கு அலங்காரம் உண்டு, கஃப் ஹோல்டருக்கு அலங்காரம் வீண்செலவு. புஜத்தில் போடும் வளையம் போன்ற ஸ்பிரிங் பட்டை, நீளமான சட்டைக்கையை மேலே தூக்கி நிறுத்துவது. காலுறைப் பட்டையின் கொக்கியில் ரப்பர் குமிழ் இருக்கும். தோள் வார்க் கொக்கி இதைவிடப் பெரியது, அதில் வார் கோக்க ஒரு நீள்துளை இருக்கும். உங்களுடையதில் நாடா கோக்கவே இடமில்லை என்கிறீர்கள், அதனால் சந்தேகத்துக்கும் இடமில்லை.

பின்புறத் தேதிதான் சுவாரசியமான பகுதி, பலர் அதில் ஏமாறுவார்கள். அது பொருள் செய்த தேதி அல்ல, காப்புரிமை கிடைத்த தேதி. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை 17 ஆண்டுகள் செல்லும், அந்தக் காலம் முழுக்க அதே முத்திரையை அடித்துக்கொண்டே இருக்கலாம். தேதி மங்கலாக இருக்கிறதே என்றால் ஒரு தந்திரம் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே அமெரிக்கக் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில் வழங்கப்பட்டன. நீங்கள் படித்த தேதி செவ்வாய் இல்லை என்றால் ஒரு எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். 3 என்று நினைத்தது 8 ஆக இருக்கும், 1 என்று நினைத்தது 7 ஆக இருக்கும். சோதித்துப் பார்க்க வேண்டுமா? வால்ட்டர் ஹன்ட் என்பவர் சேஃப்டி பின்னுக்குக் காப்புரிமை வாங்கியது 1849 ஏப்ரல் 10, காகிதக் காலருக்கு வாங்கியது 1854 ஜூலை 25. காலண்டரைப் புரட்டுங்கள், இரண்டும் செவ்வாய். சேஃப்டி பின்னும் காகிதக் காலரும் ஒரே மூளையில் உதித்தவை என்பது எனக்கு இன்றும் தித்திப்பான செய்தி.

எப்போது மறைந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் உலகப் போருக்குப் பின் ஆண்கள் மெத்தென்ற, சட்டையோடு தைத்த காலருக்கும் கஃபுக்கும் மாறினார்கள். கஃபே தனியாக இல்லை என்றால் அதைப் பிடிக்கும் கொக்கி எதற்கு? டிராயின் பெரிய காலர் நிறுவனமான க்ளூயெட் பீபாடி, சட்டைத் துணி துவைத்தால் சுருங்காமல் இருக்க ஒரு முறையைக் கண்டுபிடித்துப் பிழைத்துக்கொண்டது. அதன் பெயர் உங்கள் தாத்தாவுக்குத் தெரியும். நம் நாட்டு மில் துணிகளின் ஓரத்திலும் விளம்பரத்திலும் ‘சான்ஃபரைஸ்டு’ என்று அச்சிட்டிருப்பார்களே, அது சான்ஃபர்ட் க்ளூயெட் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. கழற்றும் காலருக்கு நம் ஊரில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள கடைகளில் வழக்கறிஞர்களுக்கான வெள்ளைப் பட்டையும் விறைப்பான காலரும் தனியே விற்பார்கள். கஃபுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

பராமரிப்புக்கு இரண்டு வார்த்தை. ஓரத்தில் மஞ்சள் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பித்தளையின் மேல் நிக்கல் முலாம். பித்தளை என்றதும் புளியைக் கரைத்துவிடாதீர்கள். புளி, மெல்லிய முலாமின் கீறல்களுக்குள் புகுந்து அடிப்பித்தளையைச் செம்பு நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். பிறகு வெள்ளையும் சிவப்புமாகத் தேமல் பிடித்தது போல நிற்கும். மென்மையான பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் போதும், உடனே துடைத்துவிடுங்கள். நெம்புகோல் இறுகியிருந்தால் நெம்பாதீர்கள், மூட்டில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு இரவு விடுங்கள்.

இன்னொன்று அவசரமானது. அதே டப்பாவில் தந்த நிறத்தில் வழவழப்பான பித்தான்களோ, வளைந்த தகடு போன்ற கஃப் துண்டோ இருந்து, கையில் தேய்த்தால் கற்பூர வாசனை வந்தால், அது செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக். துவைக்காமல் ஈரத்துணியால் துடைத்தாலே போதும் என்று சொல்லி அன்று கஃபுகளை அதிலும் செய்தார்கள். எளிதில் தீப்பிடிக்கும், பழையதாகும்போது அமில ஆவி விடும், அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் உலோகத்தைப் பச்சையாக அரிக்கும். தகர டப்பாவின் மூடிக்குள் இரண்டையும் சேர்த்துப் பூட்டி வைப்பதைவிடக் கெட்ட காரியம் இல்லை. செல்லுலாய்டைத் தனியாக எடுத்து, காற்றாடும் காகித உறையில், அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். கொக்கி ஜோடியைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். தாடையைத் திறந்தே வையுங்கள், மூடி வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும்.